வாயில் வராத பெயர்

என் புருஷன் பேர் எனக்குத் தெரியாது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நோட்டு இப்போது எந்த ஊரில், எந்த அலமாரியில் கிடக்கிறதோ! எழுதி ஐம்பது வருஷம் ஆகிறது. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகும். ஆகட்டும். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. என்னைப் பற்றி மற்றவர்கள் அவசரமாக எழுதியதுதான் போதும் போதும் என்று ஆகிவிட்டதே.

அது எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். நாங்கள் கள்ளிக்குப்பத்தில் இருந்தோம். ஓட்டு வீடு, பின்பக்கம் தனியாக ஒரு அறை. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு நட்டு செய்கிற ஒரு கம்பெனியில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை. வயல் போய் அந்த இடத்தில் கம்பெனி வந்தது, வயலுக்குப் போனவர்களின் பிள்ளைகள் கம்பெனிக்குப் போனார்கள். காலைச் சங்கு ஊதுவதற்குள் நான் சோறு வடித்து, குழம்பு வைத்து, மூன்றடுக்கு கேரியரில் கட்டி, சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள்கூட அவர் கேரியர் இல்லாமல் போனது கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தப் பின்பக்கத்து அறைக்குத்தான் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். அவளுடைய வாத்தியார், அவரும் வெள்ளைக்காரர்தான், கூட்டிக்கொண்டு வந்து விட்டார். அவர்கள் நாட்டில் ஒரு படிப்பு இருக்கிறதாம். ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்து எழுதுகிற படிப்பு. அதைப் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாதாம். வேறு நாட்டுக்குப் போய், ஒரு வீட்டில் தங்கி, கேட்டு, எழுதிப் பழக வேண்டுமாம். என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"எங்க கம்பெனியில அப்ரண்டிஸ் பசங்களுக்கு மொதல்ல ஒரு துண்டு இரும்பக் குடுத்து அரத்தால ராவச் சொல்லுவாங்க. கை பழகறதுக்கு. அது மாரிதான் இது. இந்தப் பொண்ணுக்கு நாமதான் அந்த இரும்பு."

அன்றைக்கு நானும் சிரித்தேன். ராவினால் இரும்புக்கு எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பொய் சொல்லக் கூடாது, முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கடல் தாண்டி வந்தவள் என் பின்னாலேயே நோட்டும் பேனாவுமாக நடக்கிறாள். நான் வாசல் தெளித்தால் எழுதினாள். முறத்தில் அரிசி புடைத்தால் எழுதினாள். செருப்பை எங்கே விடுகிறேன், எந்தக் கையால் தண்ணீர் மொள்கிறேன், எல்லாம் எழுத்து. அவள் பேசிய தமிழ் புத்தகத்துத் தமிழ். "அக்கா, நீங்கள் நீரை எங்கிருந்து கொண்டு வருகிறீர்கள்?" என்று கேட்பாள். பம்படியில் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

"ஏம்மே, இது இன்னா நாடகத்துல பேசற மாரி பேசுது?"

"நீ பேசறத வுட நல்லாத்தான் கீது, போ."

வந்து நாலைந்து நாள் இருக்கும். ஒரு பெரிய தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் தெருவைப் படமாகப் போட்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் அந்த வீட்டு ஆட்களின் பேர். எங்கள் கட்டம் காலியாக இருந்தது.

"அக்கா, உங்கள் கணவரின் பெயர் என்ன?"

நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

இந்தக் காலத்துப் பெண்களுக்கு இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது நாங்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். அடிமைத்தனம் என்று இன்றைக்குச் சொல்லுகிறார்கள். சொல்லட்டும். அவர் பேரில் ஒரு சாமி உண்டு. அந்தக் கோயிலைக்கூட நான் "ஏரிக்கரைக் கோயிலு" என்றுதான் சொல்லுவேன். அதே பேரில் மளிகைக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் எனக்கு "மூலைக் கடைக்காரர்". ஒரு பேரைச் சொல்லாமல் ஒரு தெருவில் வாழ்வதற்கு எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும் என்று அவளுடைய வாத்தியாருக்கே தெரியாது.

நான் அவளிடம் சொன்னேன்: "அது எனக்கு வராதும்மா."

அவள் தலையை ஆட்டினாள். குனிந்து ஏதோ எழுதினாள். அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள். புரிந்துகொண்டாள், என் நாத்தனாரைக் கேட்டு எழுதிக்கொள்வாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நாத்தனார் எதிர் வீட்டில்தான் இருந்தார். தம்பி பேரை ஒரு நாளைக்கு நூறு தரம் கூப்பிடுகிறவர்.

மாசத்துக்கு ஒரு தரம் அந்த வாத்தியார் வருவார். பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்ப்பார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும். அந்த மாசம் ஞாயிற்றுக்கிழமை வந்தார். எழுதியது சரியா என்று எழுதப்பட்டவர்களிடமே படித்துக் காட்ட வேண்டுமாம், அது அந்தப் படிப்பில் ஒரு பாடமாம். என் வீட்டு வாசலில் பாய் விரித்து, தெருப் பெண்கள் பத்துப் பேரை உட்கார வைத்தார்கள். நான் எல்லாருக்கும் காப்பி கொடுத்தேன். என் கையால் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார். ஒவ்வொரு வீடாக வந்தது. எங்கள் வீடும் வந்தது.

"ஐந்தாம் வீடு. குடும்பத் தலைவர் தொழிற்சாலையில் பணி புரிகிறார். அவர் பெயர், மனைவிக்குத் தெரியவில்லை."

 என் நாத்தனார்தான் முதலில் ஆரம்பித்தார்.

"அடிப்பாவி! ஏழு வருசமா எங்கூட்ல துன்னுகினு கீறே, எந்தம்பி பேரு உனுக்குத் தெரியாதா?"

"தெரியாமயா ரெண்டு பொண்ணு பெத்தா?" என்றாள் இன்னொருத்தி.

"ஏன் அண்ணி, வேற எவன் பேருனாச்சும் தெரியுமான்னு கேளு."

பாயில் உருண்டு சிரித்தார்கள். அத்தனை பேரும் புருஷன் பேரைச் சொல்லாதவர்கள்தான்! ஆனால் அவர்களுடைய வீட்டுக் கட்டத்தில் மாமியாரோ மைத்துனரோ சொல்லிப் பேர் ஏறியிருந்தது. என் கட்டத்தில் மட்டும் எனக்குத் தெரியவில்லை என்று ஏறியிருந்தது. நான் என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரியும் என்று காட்ட வேண்டுமானால் பேரைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஏழு வருஷம் நான் காத்தது போய்விடும். சொல்லாவிட்டால், தாலி கட்டியவன் பேர் தெரியாத மடச்சி என்று கடல் தாண்டிப் போய்விடும். வாயைக் கட்டிவிட்டு, பேசு என்று அடித்த மாதிரி இருந்தது எனக்கு.

காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் சாயந்திரம் என் வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். எங்கள் தெருவில் நடந்தது எஸ்டேட் கேட் வரைக்கும் போய்விட்டது.

"இன்னாமே, எம்பேரு உனுக்குத் தெரியாதாமே? கேன்டீன்ல ஒருத்தன் கேக்கறான், 'அண்ணாத்தே, ஊட்டாண்ட போய் மொதல்ல பேரச் சொல்லிகினு அப்பறமா உள்ள போ'ன்றான்."

"உனுக்குச் சிரிப்பா கீதா?"

"சிரிக்காம அழுவறதா? ஒரு தபா சொல்லிடேன், முடிஞ்சிபூட்ச்சி. எனுக்கு ஒண்ணும் ஆவாது."

"ஆவாதுன்னு நீ எப்படிச் சொல்றே? மிசின்ல கைய வெச்சிகினு நிக்கறவன் நீ."

அவர் கை கழுவப் போனார். அதற்கு முந்தின மாசம்தான் அவர் பக்கத்து மிஷினில் ஒருவருக்கு இரண்டு விரல் போயிருந்தது.

நான் நேராகப் பின்பக்கத்து அறைக்குப் போனேன். அவள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தே பாரு, அந்த வரிய அடி."

"எந்த வரி அக்கா?"

"பேரு தெரியாதுன்னு எழுதிகீறியே, அது. அடிச்சிடு."

அவள் முகம் சுருங்கியது. "அடிக்க முடியாது அக்கா. நோட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது. அது விதி. தவறாக இருந்தாலும் இருக்க வேண்டும். கீழே புதிதாக எழுதலாம். பெயரைச் சொல்லுங்கள், கீழே எழுதுகிறேன்."

என்ன நியாயம் பாருங்கள்! தப்பு செய்தது அவள். தப்பை வைத்துக் காப்பாற்றுவது அவள் படிப்பு. சொல்லக் கூடாததைச் சொல்ல வேண்டியது நான். என் வீட்டில் உட்கார்ந்து, என் தண்ணீரைக் குடித்துக்கொண்டு!

அன்றிலிருந்து நான் அவளுக்குச் சோறு போட்டேன், பேச்சுக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவளைப் பட்டினி போடுகிற வம்சம் இல்லை எங்களுடையது. தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஆனால் பம்படிக்குப் போய் நாத்தனாரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்தான். ஆனாலும் என் கண்ணைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நாத்தனார் சொன்னால் எங்கள் தெரு கேட்கும்.

மறுநாள் அந்தப் பெண் நோட்டோடு பம்படிக்கு வந்தாள். "இது என்ன கீரை, அக்கா?" என்று கேட்டாள்.

"அது எனுக்கு வராதும்மா."

அடுத்தவளிடம் போனாள். "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?"

"வராதும்மா."

"இன்று என்ன கிழமை?"

"அய்யோ, அது சுத்தமா வராதும்மா."

நாத்தனார் இடுப்பில் குடத்தோடு அவள் முன்னால் போய் நின்றார். "இன்னாத்துக்கு நோட்ட மூடறே? எழுதிக்கோ. எங்க தெருவுல எவுளுக்கும் ஒண்ணும் தெரியாது."

நான்கு நாள் அப்படி நடந்தது. அவளுடைய நோட்டு நான்கு நாள் வெள்ளையாகக் கிடந்தது. ஐந்தாம் நாள் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆத்திரம் அதற்கு முன்னால் நின்றது.

"அக்கா, நான் என்ன தவறு செய்தேன்? நீங்கள்தானே வராது என்றீர்கள்? வராது என்றால் தெரியாது என்றுதான் என் புத்தகத்தில் இருக்கிறது. எனக்குத் தமிழ் வராது. எனக்கு நீச்சல் வராது."

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. இவளை அனுப்பிய பள்ளிக்கூடம் இவளுக்கு ஒரு வார்த்தையைப் பாதி சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. அந்தப் பாதி வார்த்தையை வைத்துக்கொண்டு என் முழு வாழ்க்கையை எழுத வந்திருக்கிறாள்.

அன்று சனிக்கிழமை, என் வீட்டுக்காரர் கம்பெனிக்கு வார விடுமுறை. கேரியர் வீட்டில் கவிழ்த்து வைத்திருந்தது. நான் அதை எடுத்து மேல் மூடியை அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன். எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பேர் வெட்டிக் கொடுப்பார்கள், புள்ளி புள்ளியாக. அதில் அவர் பேர் இருந்தது.

"படி."

அவள் எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தாள். எனக்கு உடம்பு கூசியது.

"இத்த யாரு தேய்க்கறது? தினம் ரெண்டு வேள சாம்பல் போட்டு நான் தேய்க்கறேன். அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் என் வெரலுக்குத் தெரியும். எனுக்கா தெரியாது? நீச்சல் வராதுன்னா தெரியாதுன்னு அர்த்தம். இந்தப் பேரு என் வாயில வராது. ஏன்னா நான் வரவுட மாட்டேன். அது வேற, இது வேற."

அவள் அந்த மூடியை வாங்கி, புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தாள். கழுத்து வரைக்கும் சிவந்துபோனாள். "மன்னித்துவிடுங்கள் அக்கா" என்றாள். பிறகு, "ஆனாலும் அடிக்க முடியாது" என்றாள். பாருங்கள் பிடிவாதத்தை! உன் வாத்தியார் வரட்டும், அதுவரைக்கும் நீ கீழே எதையும் எழுதாதே என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த மாசம் வாத்தியார் வந்தார். இந்த முறை பாயை நானே விரித்தேன். போன தரம் சிரித்த அத்தனை பேரையும் நானே போய்க் கூப்பிட்டு வந்தேன். அவரிடம் கேட்டேன்.

"அடிக்கக் கூடாது, கீழ எழுதலாம். அதானே உங்க சட்டம்?"

"ஆமாம் அம்மா."

"யாரு எழுதணும்னு சட்டத்துல கீதா?"

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அப்படி ஒன்றும் இல்லை என்றார்.

"அப்ப பேனாவக் குடு."

வாயால் சொல்லக் கூடாது என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். கையால் எழுதக் கூடாது என்று ஒருவரும் சொன்னதில்லை. எங்களுக்கு எழுத வரும் என்றே யாரும் நினைக்கவில்லை, அதனால் தடுக்க மறந்துவிட்டார்கள். நான் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டேன். கேரியர் மூடியைப் பக்கத்தில் வைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பேனாவைத் தொட்டது அன்றுதான். அழுத்தி எழுதியதில் அடியில் இருந்த மூன்று தாளிலும் தடம் விழுந்தது. பத்துப் பெண்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நான் என்ன எழுதுகிறேன் என்று படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

எழுதி நீட்டினேன். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மூடியைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"அம்மா, பாத்திரத்தில் இரண்டு சுழி 'ன' இருக்கிறது. நீங்கள் மூன்று சுழி போட்டிருக்கிறீர்கள். பார்த்து எழுதும்போது தவறிவிட்டது போலிருக்கிறது."

"நான் ஒண்ணும் பாத்து எழுதல. புள்ளி வெட்டனவன் ஒரு சுழிய முழுங்கிட்டான். அவனுக்குத் தெரியாது. எனுக்குத் தெரியும்."

ரேஷன் கார்டைக் கொண்டுவரச் சொன்னேன். என் நாத்தனார் ஓடிப்போய் எடுத்து வந்தார். மூன்று சுழிதான். எங்கள் ரயில் ஸ்டேஷன் போர்டில் அண்ணனூர் என்று போட்டிருக்கும், அதில் மூன்று சுழியும் உண்டு, இரண்டு சுழியும் உண்டு. ரயிலுக்குக் காத்திருக்கும் போதெல்லாம் அதை நான் பார்த்திருக்கிறேன். எது எங்கே வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"போடு!" என்றார் நாத்தனார். "எந்தம்பி பேர கடைக்காரனே தப்பா வெட்டிகீறான், எங்கூட்டுப் பொண்ணு சரியா எழுதிட்டா. எழுதிக்கோ வாத்தியாரே, இதயும் எழுதிக்கோ!"

அங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்த வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது. தொடையைத் தட்டினார். அந்தப் பெண்ணிடம் அவர்கள் பாஷையில் வேகமாக என்னமோ சொன்னார். என்ன என்று கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இந்த நோட்டிலேயே இந்தப் பக்கம்தான் மிகவும் உயர்ந்த பக்கம் என்கிறாராம். ஊருக்குப் போனதும் மற்ற மாணவர்களுக்கு இதைத்தான் பாடமாக வைக்கப் போகிறாராம். அவள் தப்பாக எழுதியது, நான் கோபித்துக்கொண்டது, தெருவே வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதச் சொல்கிறாராம்.

என் ஆத்திரமும் அவர்களுக்குப் பாடம்! நான் பேசினாலும் எழுதுகிறார்கள், பேசாவிட்டாலும் எழுதுகிறார்கள், திட்டினாலும் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொள்கிறார்கள். இப்படிப்பட்டவர்களை என்ன செய்வது? நான் அவரைக் கேட்டேன்.

"நீ கல்யாணம் ஆனவனா?"

"ஆமாம் அம்மா."

"பொண்டாட்டி உனுக்குச் சோறு கட்டிக் குடுப்பாளா? உன் பேரு உன் பாத்திரத்துல கீதா? அவ எத்தினி தபா குனிஞ்சி எழுந்துக்கறான்னு எந்த நோட்டுலனாச்சும் எழுதிகீறியா?"

அவர் சிரித்துக்கொண்டே நோட்டை மூடி அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். இவருக்குத் தன் பெண்டாட்டியைப் பற்றித் தெரியவில்லை என்று நான் எந்த நோட்டில் எழுத?

அந்தப் பெண் ஆறு மாசம் முடிந்து ஊருக்குப் போனாள். போகிற அன்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எங்கே பார்த்துப் பழகினாளோ! அச்சடித்துப் புத்தகமாக வந்தால் கட்டாயம் அனுப்புகிறேன் என்று சொன்னாள். வந்ததா, வரவில்லையா, யாருக்குத் தெரியும்? எங்கள் தெருவுக்கு ஒரு தாள்கூட வரவில்லை. பெட்டியை மூடுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டச் சொன்னேன். காட்டினாள். மேலே அவள் எழுத்து, பொடிப் பொடியாக. கீழே என் எழுத்து, ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மிஷின் ஒன்றும் செய்யவில்லை, ரிட்டயராகி, பேரப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார். பென்ஷனுக்காக நான் ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கினேன். கணவர் பெயர் என்ன என்று கேட்பார்கள். நான் பேசாமல் கையை நீட்டி அவர்கள் பேனாவை வாங்கிக்கொள்வேன். ஒரு ஆபீசர், "கெழவிக்குக் காது கேக்கல போல" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு, "நல்லாக் கேட்டுச்சு நைனா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மேல் வரி இன்னும் எங்கேயோ இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அதற்குக் கீழே நான் எழுதியதும் இருக்கிறது, மூன்று சுழியோடு. அதையும் ஒருவரும் அடிக்க முடியாது. அவர்கள் சட்டம் அது.